பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கலை பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசிக் கால்மணி நேரத்தில் யாராவது எழுந்து அந்தப் பேச்சைப் பேசிவிடுகிறார்கள். கலை ஒரு காலத்தில் தவமாக இருந்ததாம். விலை பேசுகிற பொருளாக இருந்ததே இல்லையாம். தாராளமயம் வந்தபோது கூடவே நுகர்வு வெறியும் வந்து இறங்கியதாம். பணக்காரரின் பகட்டுக்கும் பாமரரின் மட்ட ரசனைக்கும் கலைஞர் வளைந்துகொடுத்தாராம். அன்றோடு கலை சரக்காகிவிட்டதாம். சாட்சிக்கு அந்த வாழைப்பழத்தைக் கூப்பிடுவார்கள்: இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டியது, 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. கூட்டம் சிரிக்கும், தலையாட்டும், டீ குடிக்கக் கலையும்.

இந்தப் பேச்சு இவ்வளவு சுலபமாக எடுபடுவதற்குக் காரணம், அது யாரையும் சுடாது என்பதுதான். பழி முழுவதும் 'நுகர்வோர்' என்ற முகமில்லாத கூட்டத்தின் தலையில் விழுகிறது. பேசியவரும் கேட்டவரும் தங்களை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. கலை விலையால் கொழுத்தவர் யாரோ, அவர் பெயர் அடிபடுவதே இல்லை.

பேச்சைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கூற்றுகள் தேறும். கலை முன்பு விற்பனைக்கு இல்லை என்பது ஒன்று. வாங்குபவரின் ஆசைதான் அதைக் கெடுத்தது என்பது இரண்டு. ஆகவே விற்காத கலையே தூய கலை என்பது மூன்று. மூன்றும் தவறு. அதைக் காட்ட நியூயார்க்கிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, வட சென்னையில் நாங்கள் இருக்கும் கல்மண்டபத்திலிருந்தே தொடங்கலாம். இங்கிருந்து மேற்கே பழைய வண்ணாரப்பேட்டை, கிழக்கே காசிமேடு, தெற்கே துறைமுகமும் கோட்டையும். வடக்கே தண்டையார்பேட்டையைத் தாண்டினால் திருவொற்றியூரின் காலடிப்பேட்டை. ஷேர் ஆட்டோவில் சுற்றிவந்துவிடக்கூடிய இந்த வட்டாரத்துக்குள் கலையும் கடல் வணிகமும் சேர்ந்து நடத்திய நானூறு ஆண்டுக் கணக்கு கிடக்கிறது.

முதல் கூற்று. கோயில் கலையில் கூலி இல்லை என்று நம்புகிறவர்கள் கோயில் சுவரைப் படிப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியதையும், தலைக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கு வைத்ததையும் கல்வெட்டு பெயர் பெயராகச் சொல்கிறது. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் கருங்கல் விமானம் முதலாம் ராஜேந்திரன் காலத்தது. அதைக் கட்டிய ரவி என்கிற வீரசோழத் தச்சனின் பெயர் அங்கே கல்லில் நிற்கிறது. செய்தவர் பெயரும் கொடுத்த கூலியும் எழுதிவைக்கத்தக்க விஷயங்கள் என்று அந்தக் காலம் நினைத்திருக்கிறது. கலைஞர் காற்றைக் குடித்து வாழ்ந்தார் என்ற கதையைப் பிற்பாடு நாம்தான் கட்டினோம்.

அதைவிடப் பெரிய சாட்சி துணி. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல் கரையைத் தேர்ந்ததற்கு இயற்கைத் துறைமுகம் காரணம் இல்லை; அப்படி ஒன்று இங்கே கிடையாது. மற்ற இடங்களைவிட இங்கே துணி 20 சதவீதம் மலிவு என்பதுதான் அவர் மேலிடத்துக்குச் சொன்ன காரணம். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-லேயே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளைக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றி, அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மதராஸ் பிறந்தது துணிக்காக. அதிலும் கையால் வண்ணம் தீட்டிய துணிக்குத் தனி மவுசு.

அந்தத் துணி எப்படி உருவானது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெளுத்த துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள்; பாலின் கொழுப்பு இருந்தால்தான் மை கசியாது. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரால் கருப்புக் கோடு. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள்; அப்போது நிறமே தெரியாது. பிறகு சாயவேர் கொதிக்கும் அண்டாவில் முக்கினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் பிடித்துக்கொண்டு சிவக்கும். நீலம் படக் கூடாத இடமெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் இறக்க வேண்டும். மஞ்சளைக் கடைசியில் கையால் தொட்டு வைப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் சாணி நீரில் அலசி, வெயிலில் விரித்து வெளுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கரைசலால், பின்னால் வரப்போகும் நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தீட்டியவரைக் கலைஞர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? இந்தக் கரையில் அப்படி உருவான விரிப்புகளை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். செய்த நாளில் அவை அளவும் எண்ணிக்கையும் கெடுவும் சொல்லி ஆர்டர் போடப்பட்ட ஏற்றுமதிச் சரக்கு.

1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூர் அருகே நெசவாளரையும் துணிக்கு வண்ணம் தீட்டுவோரையும் குடியேற்றிய ஊர்தான் காலடிப்பேட்டை. அவர் பெயர்தான் நம் வாயில் இப்படி மாறியது. கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பு வண்ணாரப்பேட்டை. இன்று எம்.சி. ரோட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற கூட்டம், ஏற்றுமதிக்கான கலைப்பொருள் பேல் கட்டப்பட்ட தொழிற்பேட்டையின் மேல்தான் நடக்கிறது. கலை முன்பு விற்பனைக்கு இல்லை என்று இந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்ல முடியாது.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம். அந்தக் கலையைக் கெடுத்தவர் யார்? வாங்கியவரா?

அந்தக் காலத்து ஐரோப்பிய அரசுகளின் பொருளாதார மதத்துக்கு வணிகவாதம் என்று பெயர். உலகத்தில் பொன்னும் வெள்ளியும் அளவாகத்தான் உண்டு. அடுத்தவர் பெட்டி குறைந்தால்தான் நம் பெட்டி நிறையும். ஆகவே நிறைய விற்று, குறைவாக வாங்க வேண்டும். விற்கவும் வாங்கவும் உரிமை அரசு முத்திரை பெற்ற கம்பெனிக்கே. இதுதான் அதன் வேதம். இந்த வேதத்தின் முக்கியமான நூல் ஒன்றை எழுதிய தாமஸ் மன் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர். இந்தியாவுக்கு வெள்ளியை அனுப்புகிறீர்களே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: அந்தச் சரக்கை மூன்றாம் நாட்டுக்கு மறுபடி விற்றுப் போனதைவிட அதிகம் கொண்டுவருவோம். துணியை யார் போர்த்திக்கொள்கிறார்கள் என்பது அவருக்குப் பொருட்டல்ல. அது எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்குக்கு ரசனையும் ஒரு கருவி. 1681-இல் லண்டனிலிருந்து வங்காளத்துக்குப் பட்டுத் துணி பற்றி ஓர் உத்தரவு போனது: பூ வேலையை ஆண்டுதோறும் முடிந்தவரை மாற்றிக்கொண்டே இருங்கள், போன ஆண்டு பாணியில் வந்த நல்ல பட்டைவிட, தரம் குறைந்தாலும் இதுவரை பார்க்காத புதுசுக்கு ஐரோப்பியப் பெண்கள் இரட்டிப்பு விலை கொடுப்பார்கள். இந்த ஆண்டு ஃபேஷன், போன ஆண்டு பழசு என்கிற நுகர்வு மோகத்தின் சூத்திரம் முழுவதும் இதில் இருக்கிறது. அதை எழுதியது எந்தச் சீமாட்டியும் அல்ல. ஏகபோகக் கம்பெனியின் இயக்குநர் குழு. நுகர்வு வெறி கலையைப் பிடித்துத் தின்றது என்கிறார்களே, அந்த வெறியை ஊட்டி வளர்த்தவர் யார் என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. மோகம் பிள்ளை, ஏகபோகம் பெற்றோர். பிள்ளையை அடித்துவிட்டுப் பெற்றோரைத் திண்ணையில் உட்காரவைத்து உபசரிப்பதுதான் நம் கூட்டங்களில் நடக்கிறது.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். நம் துணி ஐரோப்பாவில் எடுபட்டதும், உள்ளூர்க் கம்பளி, பட்டு முதலாளிகளும் நெசவாளரும் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. அது 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டம், 1721-இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. 1719-இல் லண்டன் தெருக்களில் வண்ணத் துணி உடுத்திய பெண்களைக் கும்பல் மறித்து, உடையைக் கிழித்தது. அந்தப் பெண்கள் யார்? நம் பேச்சாளர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற அதே நுகர்வோர். இந்தியத் துணியை விரும்பி வாங்கி, அதற்காகத் தெருவில் அடிபட்டவர்கள். தீட்டியவர் பக்கம் நின்றது அவர்கள் ஆசை. எதிர்ப்பக்கம் நின்றது சட்டமும் ஏகபோகமும்.

இங்கே தீட்டியவர் நிலைமை என்ன? கம்பெனியின் முன்பணம் தலைமை வியாபாரி வழியாக வரும். முன்பணம் வாங்கியவர் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். விலையைக் கம்பெனி சொல்லும். தரம் சரியில்லை என்று கழிப்பதும் கம்பெனிதான். வாங்குகிற கை ஒன்றே ஒன்றானால் செய்கிற கை அடிமைதான். அங்கே போட்டியை மூடியதும் இங்கே பேரத்தை மூடியதும் ஒரே கணக்குப் புத்தகம்.

அந்த 1700-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. வண்ணத் துணியை இங்கிலாந்தில் உடுத்தக் கூடாது; ஆனால் கப்பலில் வரலாம். வந்ததும் சுங்க அதிகாரிகள் குறித்த கிடங்கில் பூட்டிவைத்து, அப்படியே வேறு நாட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். உள்ளே வந்த சரக்கு, ஆனால் நாட்டுக்குள் வராத சரக்கு. இன்றைய உலகக் கலைச் சந்தை நிற்பது இந்தப் பூட்டிய கிடங்கின் மேல்தான்.

பாண்டட் குடோன் என்றால் என்ன என்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலர் ஓட்டுகிற எவருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். சரக்கு உள்ளே இருக்கும்வரை வரி இல்லை. வெளியே எடுத்தால்தான் வரி. ஜெனீவாவின் சுதந்திரத் துறைமுகக் கிடங்குகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கலைப்படைப்புகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சிங்கப்பூர் 2010-இல் விமான நிலையத்தை ஒட்டி அப்படி ஒன்றைத் திறந்தது. அங்கே ஓவியம் பெட்டிக்குள் இருக்கும், சொந்தக்காரர் மாறுவார், பெட்டி அசையாது. அறை மாறினாலே போதும், விற்பனை முடிந்தது.

இதை நுகர்வு என்று சொல்ல முடியுமா? நுகர்வது என்றால் தின்ன வேண்டும், உடுத்த வேண்டும், சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் ஓவியத்தை யாரும் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் இருந்தால்தான் தேயாது. தேயாவிட்டால்தான் விலை ஏறும். பஞ்ச காலத்தில் அரிசியை இப்படி வைத்திருந்தால் நாம் அதற்குப் பதுக்கல் என்போம். சமகாலக் கலையைப் பிடித்த நோய் வாங்குபவர் பெருத்துப்போனது அல்ல, அனுபவிக்கிறவர் அருகிப்போனது.

அந்த வாழைப்பழமே எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. அதை ஏலம் எடுத்த கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன், ஹாங்காங்கில் பத்திரிகையாளர்கள் முன்னால் உரித்துத் தின்றார். முழு நுகர்வு, மிச்சம் தோல் மட்டும். ஆனால் அவர் சொத்தில் ஒரு காசு குறையவில்லை. அவர் வாங்கியது பழத்தை அல்ல. சான்றிதழையும், பழத்தை எந்த உயரத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பையும். ஏல நாளில் அந்தப் பழத்தைத் தெருக்கடையில் விற்றவருக்குக் கிடைத்தது ஒரு டாலரில் பாதிகூட இல்லை. பழத்தின் விலை நுகர்வோர் உலகத்தைச் சேர்ந்தது. 62 லட்சம் டாலர் வேறு உலகத்தைச் சேர்ந்தது.

இரண்டு உலகத்துக்கும் உள்ள தூரம் காசிமேட்டில் விடிவதற்கு முன்பே தெரியும். லாஞ்ச் கரை தொட்டதும் வஞ்சிரமும் சங்கராவும் கூடை கூடையாகக் கொட்டப்படுகின்றன. ஏலம் கூறுபவர் விலையை உரக்கச் சொல்கிறார். ஏற்றிக் கேட்பவரின் முகம் எல்லோருக்கும் தெரிகிறது. எவ்வளவுக்குப் போனது என்பது பக்கத்தில் ஐஸ் உடைப்பவர் காதிலும் விழுகிறது. பெரிய கலை ஏலத்தில் குறைந்தபட்ச விலை ரகசியம், வாங்குபவர் யார் என்பது ரகசியம். மூன்றாம் நபர் ஒருவர் முன்கூட்டியே இந்த விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன் என்று உத்தரவாதம் கொடுத்திருந்தால் அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதும் ரகசியம். காசிமேட்டிலும் எல்லாம் நீதி என்று சொல்ல வரவில்லை. படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்தவர் மீனைத் தன் வழியாகத்தான் விற்க வைப்பார், கமிஷனும் பிடிப்பார். அங்கேயும் கேடு நுழைகிற வழி முன்பணம்தான், மீன் தின்கிறவரின் நாக்கு அல்ல.

துறைமுகத்தின் வழியாக நடந்த இன்னொரு வணிகத்தையும் மறக்கக் கூடாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து திருடப்பட்ட சோழர் கால நடராஜர், கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரின் வலைப்பின்னல் வழியாகக் கடத்தப்பட்டு, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கும் மேல் விற்கப்பட்டது. 2014-இல் அந்நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. இத்தகைய சிலைகள் வெளியேறிய உத்தி எளிது: ஏற்றுமதித் தாளில் புதிதாகச் செய்த கைவினைப் பொருள், போய்ச் சேரும் இடத்தில் ஆயிரம் ஆண்டுப் பழமை. இதில் எந்த நுகர்வோரின் மட்ட ரசனை குற்றவாளி? கையால் செய்ததற்கு ஒரு விலை, காகிதத்தால் செய்ததற்கு ஒரு விலை என்று வைத்திருக்கும் சந்தை முறைதான் குற்றவாளி.

இது ஓவியத்துக்கும் சிலைக்கும் மட்டுமான கதை அல்ல. 2021-இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டைக் கோடிக்கணக்கான தடவை கேட்டார்கள். ராயபுரத்துக் கல்யாண மண்டபத்திலும் ஓடியது, கனடாவிலும் ஓடியது. மூன்று ஆண்டு கழித்து, அதிலிருந்து தனக்கோ, பாடிய அறிவுக்கோ, தீக்கோ வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று இசையமைத்த சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்; வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பைச் சொன்னது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது என் வேலை இல்லை. கேட்டவர்கள் மேல் யாருக்கும் புகார் இல்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். நுகர்வு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தகராறு முழுவதும் கணக்கில்.

மூன்றாவது கூற்று, விற்காத கலையே தூயது என்பது. கேட்க அழகாக இருக்கும். சொல்கிறவருக்குச் சம்பளமோ பூர்வீக வீடோ இருக்கும். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிறவரிடமும், படகின் மூக்கில் மாதாவையோ முருகனையோ எம்.ஜி.ஆரையோ வரைகிறவரிடமும், லாரியின் பின்பலகையில் எழுதுகிறவரிடமும் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். இவர்கள் விலை சொல்லித்தான் வேலை செய்கிறார்கள். அதனாலேயே இவர்கள் கலைஞர் பட்டியலில் வருவதில்லை. சினிமா பேனர் வரைந்தவர்களை ஃபிளெக்ஸ் துடைத்தெறிந்தபோது கலை அழிகிறது என்று எந்த அரங்கமும் துக்கம் அனுசரிக்கவில்லை. அது வணிகக் கலைதானே என்று விட்டுவிட்டார்கள். தூய்மை பேசுகிற இடத்தில் யார் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்பது நம் ஊருக்குத் தெரியாத பாடமா?

நம் நவீனக் கலை வரலாறே இந்தத் தூய்மைக்கு எதிர்ச்சாட்சி. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் கலைப் பள்ளியைத் தொடங்கியது கல்மண்டபத்திலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் பிராட்வேயில். தொழில் கற்றுப் பிழைக்கத்தான் அங்கே பிள்ளைகள் சேர்ந்தார்கள். 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலை முதலில் முயன்று பார்த்த இடம் அதே கலைப் பள்ளி. அந்தப் பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்ததுதான் மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை.

அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கரின் கதை இன்னும் பொருத்தமானது. படித்து முடித்த மாணவர்கள் விளம்பரக் கம்பெனிக்கும் துணி டிசைனுக்கும் போய் ஓவியத்தை விட்டுவிடுவதைப் பார்த்தார். தூய்மை பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார். மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. எந்த வள்ளலும் கொடுத்ததல்ல. பாத்திக் வாங்கிய சாதாரண மனிதர்கள் கொடுத்தது. பகலில் விற்கிற வேலையைச் செய்ததால், ஓவியத்தை விற்றே தீர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லாமல் போனது. சந்தையிலிருந்து சுதந்திரத்தைச் சந்தையிலேயே சம்பாதித்தார்கள். நுகர்வோரை ஏசுகிறவர்கள் சோழமண்டலத்துக்குப் பெருமைப்படும்போது இந்த வரவுப் பத்தியைத் தாண்டிப் படிக்கிறார்கள்.

எம்.எஃப். ஹுசைனும் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். அவர் 1954-இல் வரைந்த 'கிராம யாத்திரை'யை அந்த ஆண்டே வாங்கியவர் ஒரு மருத்துவர்; பின்பு ஆஸ்லோவில் மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். 2025 மார்ச்சில் அது நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 37 லட்சம் டாலருக்குப் போனது. பிடித்ததை வாங்கிச் சுவரில் மாட்டிய மருத்துவர்தான் நுகர்வோர். அவர் எதைக் கெடுத்தார்?

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான விஷயம் ஒன்று உண்டு. வாங்குபவர் கேட்கிறார் என்பதற்காகவே ஒரே மாதிரி பிள்ளையார், ஒரே மாதிரி தாமரை, ஹோட்டல் வரவேற்பறைக்கு ஏற்ற நிறத்தில் அரூப ஓவியம் என்று உற்பத்தி பெருகுகிறது அல்லவா? பெருகுகிறது. 1643-லேயே லண்டன் இயக்குநர்கள், சிவப்புத் தரை விரிப்பு இங்கே போணியாகவில்லை, வெள்ளைத் தரையில் நடுவே பூங்கொடி வேண்டும் என்று சூரத்துக்கு எழுதினார்கள். தீட்டியவர்கள் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பூங்கொடியை ஓவியர் தம் விருப்பப்படி தீட்டலாம் என்ற இடமும் அதே கடிதத்தில் இருந்தது. இப்படிப்பட்ட கேட்பும் கைத்திறனும் மோதிய இடத்தில்தான் பாரசீகமும் சீனமும் தக்கணமும் ஆங்கிலப் பூ வேலையும் ஒரே மரத்தில் கிளைவிட்ட புதிய கலை பிறந்தது. கேட்பு கலையைக் கொல்வதில்லை. பலர் கேட்கும்போது ஒருவருக்கு மாட்டேன் என்று சொல்லக் கலைஞரால் முடியும். கேட்பவர் ஒருவரே என்றாகும்போது, அவர் கம்பெனியோ கேலரியோ கலாச்சாரத் துறையோ, கலைஞர் வளைகிறார்.

நுகர்வுப் பண்பாட்டுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். கொடுங்கையூர்க் குப்பை மேட்டின் புகையும் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலும் எங்கள் மூச்சில்தான் இருக்கின்றன. அளவில்லாமல் வாங்கி எறிவதன் விலையை வட சென்னை கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் குற்றத்துக்கான சம்மனை இந்த வழக்கில் காட்டக் கூடாது. நகரத்தில் ஓவியமோ சிற்பமோ விலைக்கு வாங்கிய குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நுகரவே ஆரம்பிக்காத ஒரு சமூகத்தைப் பார்த்து நுகர்வு வெறி கலையை அழித்தது என்பது, பட்டினி கிடப்பவருக்கு அஜீரண மருந்து எழுதிக்கொடுப்பது போலத்தான்.

தவறான நோய்க்கணிப்பால் வரும் நஷ்டம் பெரியது. குற்றவாளி ரசனைதான் என்றால் தீர்வு உபதேசம். உபதேசத்தால் யாருடைய வருமானமும் குறையாது. குற்றவாளி கணக்குதான் என்றால் தீர்வு சட்டம். நம்மிடம் சட்டம்கூட இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த 53ஏ பிரிவின்படி, ஓர் ஓவியத்தின் அல்லது சிற்பத்தின் மூலப்படைப்பு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு. அந்தப் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் வரம்பு. பிரான்சில் இத்தகைய உரிமை 1920 முதல் இருக்கிறது, இங்கிலாந்தில் 2006 முதல். இங்கே அது ஏட்டுச் சுரைக்காய். பங்கை நிர்ணயிக்க வேண்டிய பதிப்புரிமை வாரியத்தை வேறொரு தீர்ப்பாயத்தோடு இணைத்தார்கள். 2021-இல் அந்தத் தீர்ப்பாயத்தையே கலைத்தார்கள். இதற்காக எத்தனை கலை விழா மேடைகள் குரல் கொடுத்தன?

கேட்க வேண்டியவை சில உண்டு. 53ஏ பிரிவுக்கு நடைமுறை விதியும், வசூலித்துக் கொடுக்க ஓர் அமைப்பும் வேண்டும். ஏல நிறுவனம் முதல் விற்பனையிலிருந்து கை மாறிய வரலாற்றைப் பகிரங்கமாக வைக்க வேண்டும். அரசு வாங்கும் படைப்புகளைக் கிடங்கில் அடுக்காமல் ஸ்டான்லி மருத்துவமனை நடைக்கூடத்திலும் ராயபுரம் ரயில் நிலையத்திலும் மாட்ட வேண்டும்; 1856-இல் ரயில் ஓடத் தொடங்கிய நிலையத்துச் சுவருக்கு அந்தத் தகுதி இல்லையா? சுவர் எழுதுபவரும் படகு வரைபவரும் நல்கைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் 'வணிகக் கலை' என்ற வடிகட்டி இருக்கக் கூடாது. அச்சுப் படியோ சிறு ஓவியமோ, ஒரு செல்போன் கவர் வாங்குகிற சகஜத்தோடு சாதாரணக் குடும்பங்கள் வாங்கப் பழக வேண்டும்.

இதற்கெல்லாம் யாரும் துறவியாக வேண்டாம். சமூகத்தின் ரசனை திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கலைஞருக்குத் தேவை வாங்குபவர் பலர், கண்ணுக்குத் தெரிகிற கணக்கு ஒன்று. இந்தக் கரையில் முன்னூறு ஆண்டுக்கு முன்பு துணி தீட்டியவருக்குக் கிடைக்காமல் போனவை இவை இரண்டும்தான். வாங்கியவரை விட்டுவிட்டுக் கணக்கு எழுதியவரைக் கேள்வி கேட்கத் தொடங்குவோம்.